அசலுடன் நேரில் வரவும்

தீபாவளிக்கு முதல் நாள் திருப்பூரில் வேலை பார்க்கிறவர் தபால்காரர் ஒருவர்தான். பனியன் கம்பெனிகள் போனஸ் கொடுத்து ஷட்டரை இழுத்துவிட்டிருக்கும். மதுரைக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறியிருப்பார்கள். அரசாங்கத்துக்குத் தீபாவளி ஒரு நாள், திருப்பூருக்குப் பத்து நாள். இந்த ஒன்பது நாள் வித்தியாசத்தில் தன் பிழைப்பு மாட்டிக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் கலைமகள் சிரித்திருப்பாள்.

2007ஆம் வருடம், நவம்பர் ஏழாம் தேதி. வேலம்பாளையத்து லைன் வீட்டில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளின் கைக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. மாவுக் கையோடு பிரித்தாள். மாவட்ட நூலக அலுவலகம். மூன்றாம் நிலை நூலகர் பணியிடம். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவு மூப்புப்படி அவள் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோயமுத்தூருக்கு வர வேண்டும்.

"ஏனுங்க! இங்க வாங்க, சீக்கிரம் வாங்க!"

செந்தில்வேல் ஓடி வந்தான். கலைமகளின் புருசன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தான். "நெசமாலுமா கண்ணு? வந்தே போச்சா? எத்தனை வருசமாச்சு?"

"பதினோரு வருசமுங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குக் கலங்கவில்லை. அவள் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். அசல் இன்றி வருவோர் பரிசீலிக்கப்படமாட்டார்கள்.'

அசல் அவளிடம் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இல்லாவிட்டால், படித்த பெண் இப்படியும் ஏமாளியாக இருப்பாளா என்று நீங்கள் அவளைத்தான் திட்டுவீர்கள்.

கலைமகள் நெசவுக் குடும்பத்துப் பெண். பி.ஏ. முடித்தபோது அவள் அப்பா சென்னியப்பன் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "லைப்ரரிக்குப் படிச்சா கெவுருமெண்டு வேலை நிச்சயமாம் சாமி. போட்டியே இல்லியாமா," என்றார். போட்டியே இல்லை என்றவன் வாயில் சர்க்கரையா போடுவது? வேலையே இல்லை என்பதால்தான் போட்டி இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அஞ்சல் வழியில் நூலக அறிவியல் படித்து முதல் வகுப்பில் தேறினாள். 96இல் கோயமுத்தூர் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். அட்டையைக் கொடுத்தவர், "மூணு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும். ஒரு தடவை விட்டீங்கன்னா மூப்பு போயிரும், மறுபடியும் கடைசியில இருந்து நிக்கோணும்," என்றார்.

அவள் விடவில்லை. 99இல் வயிற்றில் பிள்ளையோடு போனாள். 2002இல் அம்மை போட்டு எழுந்த பத்தாம் நாள் போனாள். 2005இல் அப்பா இறந்து காரியம் முடிந்த மறுநாள், கண் வீங்கிய முகத்தோடு போனாள். பதிந்து ஆறு வருடம் கழித்து விசாரித்தபோது, உங்களுக்கு முன்னால் இன்னும் நூற்றுச் சொச்சம் பேர் என்றார்கள். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனாள், ஒருத்தன் அவிநாசியில் செல்போன் கடை வைத்தான். ஒரே ஒருத்தனுக்குத்தான் நூலக வேலை கிடைத்தது. அதுவும் அவன் அப்பா அந்த வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், வாரிசு என்று கிடைத்தது. நூலகருக்குப் படித்தவன் நூலகர் ஆவதற்கு வீட்டில் ஒரு சாவு விழ வேண்டியிருந்தது என்றால் இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

நடுவில் ஒரு தரம் 'லைப்ரரியன் தேவை' என்று பேப்பரில் வந்தது, திருப்பூரிலேயே. வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி வாங்கிக் கொடுக்கிற ஓர் ஆபீஸ். கலைமகள் இரண்டு நாள் பழைய பாடத்தையெல்லாம் உருப்போட்டு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். ஒரு பெரிய அறையைத் திறந்து காட்டினார்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஹேங்கர், ஹேங்கரில் சாண் அளவு துணி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு.

"புஸ்தகம் எங்கீங்க?" என்று கேட்டாள்.

"துணிதான் மேடம் புக்கு. இது ஃபேப்ரிக் லைப்ரரி," என்று அங்கிருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், பாவம், வேறென்ன செய்வாள்? அந்த வேலையை இரண்டு வருடம் பார்த்தாள். துணிச் சீட்டுகளுக்கு, நூலகத்தில் புத்தகத்துக்குப் போடுகிற டியூயி பகுப்பு முறையில் எண் போட்டுக் கொடுத்தாள் என்றும், அதற்குப் பிறகு யார் எந்தத் துணி கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவாள் என்றும் செந்தில்வேல் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வான். பிறகு அந்த ஆபீசையே இழுத்து மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் மணியன் கல்லூரி தொடங்கினார். பனியன் ஏற்றுமதியில் சம்பாதித்தவர், சேவூர் ரோட்டில் இடம் வாங்கிக் கட்டடம் எழுப்பினார். கல்லூரி என்றால் நூலகம் வேண்டும், நூலகம் என்றால் படித்த நூலகர் வேண்டும் என்பது விதி. யாரோ சொல்லிக் கலைமகளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுசர், குறை சொல்ல முடியாது. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, "அம்மிணி, இது உங்க காலேஜு மாதிரி," என்றார். அவள் நூலகத்துக்குள் போய்ப் பார்த்தபோது நாலாயிரம் புத்தகங்கள் வந்து இறங்கியிருந்தன. மணியனே ஆள் வைத்து அடுக்கியிருந்தார். சின்னதெல்லாம் மேல் தட்டில், நடுத்தரம் நடுவில், தடித்தது அடியில். தட்டுகளில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

கலைமகள் அதையெல்லாம் பிரித்துப் பொருள் வாரியாக அடுக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரவில் செந்தில்வேலுக்குச் சோறு போட்டுக்கொண்டே எந்தப் புத்தகம் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று விளக்குவாள். அவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டுவான்.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஆபீசில் சூப்பிரண்டு சாரதாமணி, "சர்டிபிகேட் ஒரிஜினல் குடுங்க கண்ணு, ஃபைல் போடோணும்," என்றாள். எல்லாருடையதையும் வாங்கினார்கள். பாடம் நடத்துகிறவர்கள், லேப் ஆள், பி.டி. மாஸ்டர், எல்லாரும் கொடுத்தார்கள். ஊரில் எல்லாக் கல்லூரியிலும் அதுதான் வழக்கம். பாதி வருடத்தில் யாரும் ஓடிப்போகக் கூடாதாம். கலைமகள் மட்டும் தயங்கி, "ஏனுங்க்கா, ஒரு ரசீது மாதிரி…" என்று இழுத்தாள்.

"அட, எங்க போயிருது? பீரோவுலதான இருக்குது. வேணுங்கறப்ப வந்து வாங்கிக்கோங்க."

அப்படிக் கொடுத்ததுதான். நான்கு வருடம் அவளும் கேட்கவில்லை, அவர்களும் காட்டவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் வருகிற நாளில் மட்டும் ஃபைல் வெளியே வரும்.

இப்போது கையில் கடிதம், நடுவில் நான்கு நாள். மாவை அப்படியே மூடி வைத்துவிட்டுப் புருசனும் பெண்டாட்டியும் பைக்கில் கல்லூரிக்குப் போனார்கள். கேட்டில் பூட்டு. கல்லூரிக்கும் கம்பெனி லீவுதான், மணியன் அப்படித்தான் விடுவார். பத்தொன்பதாம் தேதிதான் திறக்கும் என்று வாட்ச்மேன் கேட் கம்பிக்கு உள்ளிருந்தே சொன்னார். மணியனுக்குப் போன் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார்கள். மறுபடியும் எல்லைக்கு வெளியே.

மறுநாள் தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு கலைமகள் போன் போட்டபடியே இருந்தாள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சனிக்கிழமை சேவூரில் சாரதாமணி வீட்டுக்குப் போய் நின்றார்கள். பலகாரத் தட்டை நீட்டியவளின் கையைப் பிடித்துக்கொண்டு கலைமகள் அழுதுவிட்டாள்.

சாரதாமணி கெட்டவளில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தாள்.  "என்றகிட்ட ஒரு மாத்துச் சாவி இருக்குது கண்ணு. ஆனா அவருக்குத் தெரியாம நான் பீரோவைத் தொறந்தேன்னு தெரிஞ்சா என்ற வேலை போயிரும். என்ற ஊட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன்."

"திங்கக்கெழமை காட்டிப்போட்டு அன்னிக்கே கொண்டுவந்து வச்சர்றனுங்க்கா. முருகன் மேல சத்தியமுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரதாமணி கல்லூரிக்கு வந்தாள். வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிக் கேட்டைத் திறக்க வைத்தாள். ஆபீஸ் அறையில் பீரோ முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். சாரதாமணி சாவி போட்டுத் திருகினாள். நூலகர் என்று எழுதிய ஃபைல் இரண்டாம் தட்டில் இருந்தது. கலைமகள்தான் முதலில் எடுத்தாள்.

உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தது. உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. 'ஒரிஜினல் சென்னை கன்சல்டன்ட் வசம். 2ஆவது காலேஜ் அப்ளிகேஷனுக்கு.'

"ரெண்டாவது காலேஜா?" என்றான் செந்தில்வேல்.

சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவிநாசிபாளையம் பக்கம் மணியன் இன்னொரு கல்லூரி தொடங்கப்போகிறார். அந்தச் சென்னை ஆள் மூலம் அதற்கு அனுமதி வாங்க, ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். அங்கேயும் நூலகர் கலைமகள்தான். கையெழுத்துக்கூடப் போட்டிருக்கிறாளாம். போன வருடம் சம்பள உயர்வுக் காகிதம் என்று நீட்டியதில் அதுவும் ஒன்றாம்.

பாருங்கள் அக்கிரமத்தை. பதினோரு வருடமாக ஒரு நூலகர் வேலைக்குத் தவம் கிடந்தவளுக்குக் காகிதத்தில் இரண்டு வேலை. அவளுக்கே தெரியாது.

அன்று சாயந்திரம் மணியனுக்குப் போட்ட போன் கிடைத்தது. மூணாறில் குடும்பத்தோடு இருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். குரலில் ஒரு கடுப்பு கிடையாது. கொங்கு நாட்டு மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

"அடடா, நல்ல சேதியாச்சுங்களே அம்மிணி. ரொம்பச் சந்தோசமுங்க. லீவு முடிஞ்சு வந்த ஒடனே வாங்கித் தர்றனுங்க."

"நாளைக்கே வேணுமுங்க சார். நாளைக்குக் காட்டாட்டிப் போயிருமுங்க."

"அவிங்க ஆபீசும் இப்ப லீவுங்களே. நான் என்னுங்க பண்ணட்டும்? அதுவுமில்லாம அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்குது. நீங்க போயிட்டா நான் லைப்ரரியனுக்கு எங்க போவனுங்க? சித்தெ யோசிச்சுப் பாருங்க. இதுவும் உங்க காலேஜுதான?"

போனை வைத்துவிட்டார். நல்லபடியாகப் பேசிவிட்டுத்தான் வைத்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். மரியாதையாகக் கழுத்தை அறுக்கிறவரை என்னவென்று சொல்லி வைவது?

செந்தில்வேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அசல்னு எழுதியிருக்கான் பாரு. அசலையெல்லாம் அசலூட்டுல குடுத்துப்போட்டு நாம நகலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறோம்," என்றான். பக்கத்து வீட்டை அசலூடு என்று சொல்கிற ஊர்க்காரன், வேறெப்படிச் சொல்வான்? அவன் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் கலைமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"போலீசுல எழுதிக் குடுக்கலாமா?"

"குடுத்தா நாளைக்கு அசல் வந்துருமாங்க?"

வராது. அவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை நகல்களை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போனார்கள். நூலக அலுவலகத்தின் மாடி வராந்தாவில் இருபது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் ஃபைல். தலை நரைத்தவர்கள்கூட இருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தன் சான்றிதழ்களை எடுத்துத் துடைத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைத்தாள். கலைமகள் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி வயதானவர், நல்லபடியாகவே பேசினார். நகல்களைப் பார்த்தார். பதிவு அட்டையைப் பார்த்தார். மூன்று புதுப்பித்தல் முத்திரைகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒருக்காகூடத் தவறவிடலியேம்மா," என்றார். "அசல் எங்க?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது. லீவு, மூணாறு, சென்னை, இரண்டாவது கல்லூரி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்மா. உங்களை மாதிரி இன்னிக்கே ரெண்டு பேர் வந்துட்டாங்க. நான் என்ன செய்யட்டும்? விதி அப்படி. வியாழக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் நான் பட்டியலை அனுப்பாம வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்லை. எப்படியாவது வாங்கிட்டு வாங்க."

அன்று ராத்திரி ரயிலிலேயே செந்தில்வேல் சென்னைக்குக் கிளம்பினான். கட்டிங் மாஸ்டர், முப்பத்தொன்பது வயது வரைக்கும் ஈரோட்டைத் தாண்டாதவன். கன்சல்டன்ட் ஆபீசைத் தேடிப் பிடிக்கவே ஒரு நாள் ஆயிற்று. அங்கே லீவெல்லாம் ஒன்றுமில்லை, திறந்துதான் இருந்தார்கள். ஃபைல் இருக்கிறது என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மேசை மேலேயே இருந்ததாம். ஆனால் தாளாளர் மணியன் சொன்னால்தான் கொடுப்போம் என்றார்கள். அவன் பி.சி.ஓ.விலிருந்து மணியனுக்குப் போன் போட்டான். ரிங் போயிற்று. எடுக்கவில்லை. புதன்கிழமை முழுக்க அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். சாயந்திரம் கூட்டிப் பெருக்க வந்தவர் அவனை எழுந்திருக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை சாயந்திரம் கலைமகள் வீட்டில் கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஐந்தடித்தது. எழுந்து போய், ஒரு வாரமாக மூடி வைத்திருந்த மாவைப் பார்த்தாள். கெட்டுப்போயிருந்தது. குப்பையில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அந்த வேலை அவளுக்கு அடுத்த மூப்பில் இருந்தவருக்குப் போயிற்று. அவரும் எத்தனை வருடம் காத்திருந்தாரோ, அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

டிசம்பரில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் சென்னையிலிருந்து ஃபைல் வந்து சேர்ந்தது. அவர்கள் வருகிற அன்று காலை சாரதாமணி அதை நூலகத்துக்கே கொண்டுவந்து, கலைமகளின் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான்கு வருடம் கழித்துக் கலைமகள் தன் பட்டத்தைக் கையில் தொட்டாள். ஓரம் லேசாக மடங்கியிருந்தது, மடிப்பை நகத்தால் நீவினாள்.

எடுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். அந்த வேலை போயாகிவிட்டது. அடுத்த பட்டியல் இன்னும் எத்தனை வருடமோ, அது யாருக்கும் தெரியாது. இருக்கிற வேலையையும் விட்டால் அனுபவச் சான்றும் கிடைக்காது, மணியன் ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கல்லூரியும் சேர்க்காது. மகளுக்கு எட்டு வயது. அவள் இதையெல்லாம் ராத்திரி ராத்திரியாக யோசித்துவிட்டுத்தான் அங்கே நின்றாள்.

வந்தவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத்து நூலகர். தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு புத்தகத்தை உருவி எண்ணைப் பார்த்தார், இன்னொன்றை உருவினார். "யார் பண்ணினது இது? பிரமாதமா இருக்கே," என்றார். பிறகு மேசைக்கு வந்து அசலைப் புரட்டினார். "முதல் வகுப்பு. ஏம்மா, அரசு நூலகத்துக்கு முயற்சி பண்ணலியா நீங்க?"

மணியன் பக்கத்தில் நின்றிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு. கலைமகள் மேசையில் விரிந்து கிடந்த அசலைப் பார்த்தாள்.

"இங்கயே நல்லா இருக்குதுங்க சார்," என்றாள்.

அவர்கள் போன பிறகு மணியன் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அவளுக்கு இரண்டு கொடுத்தார். "உங்களாலதான் பேரு வந்துச்சுங்க அம்மிணி," என்றார். நெசமாகவே சந்தோசமாக இருந்தார், நடிப்பில்லை. "இந்த ஃபைலை இன்னிக்குக் கூரியர்ல திரும்பச் சென்னைக்கு அனுப்போணும். அவிநாசிபாளையத்துது இன்னும் முடியலீங்க. உங்க கையெழுத்துத்தான் முத்தாட்டம் இருக்கும். நீங்களே அட்ரஸ் எழுதிப்போடுங்க."

சாரதாமணி ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்தாள். கலைமகள் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஓரம் மடங்காமல் உள்ளே வைத்து, ஒட்டினாள். பெறுநர் முகவரியை நிதானமாக எழுதினாள். பேனா நின்றது.

"அனுப்புநர்னு யாரு பேருங்க போடறது?"

"அட, உங்க பேரையே போட்ருங்க," என்றார் மணியன்.

'கலைமகள், நூலகர்' என்று எழுதினாள்.